சீப்பு, தலையணை, பல், கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். இந்த வரியை எத்தனையோ கடிதங்களில் கைப்பழக்கத்தில் எழுதியிருக்கிறேன், இந்த முறை அப்படியில்லை, எழுந்து போய் அவளைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவள் எத்தனை தடவைதான் கேப்பீங்க என்று சொன்ன பிறகு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, குளிர் குறைந்ததா, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகிறாயா, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது, எல்லாம் நல்லாருக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. நீ பட்டம் வாங்கிய செய்தியை அம்மா இந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் பாப்பா இனிமே டாக்டரா, ஊசியெல்லாம் போடுமா என்று கேட்டாராம், அம்மா விடுவாளா, ஊசி போட மாட்டா, உங்க ஊசி விரல்ல குத்தினா ஏன் வீங்குதுன்னு சொல்லுவா என்றாளாம். அவர் இரண்டு நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று, நடந்தது நடந்து முடிந்துவிட்டது, ஆபத்து கடந்துவிட்டது, ஆகவே கடைசி வரை படித்து முடிக்கும் முன்னால் விமான டிக்கெட் பார்க்கத் தொடங்காதே. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்கு வார்த்தை வரிசையாக வராது என்பது உனக்குத் தெரியும், வரிசை கிடைக்கும் நேரத்தில் அம்மா போனை வாங்கிவிடுவாள். தவிர, நேற்றுதான் இரண்டாவது பரிசோதனையின் முடிவு வந்தது. அது கையில் கிடைக்காமல் உனக்கு நலம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் பிரதியை நீ அனுப்பியபோது, படிக்க வேண்டாம்பா, அலமாரியில் வைத்தால் போதும் என்று எழுதியிருந்தாய். நான் படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், பென்சிலால் ஓரத்தில் குறிப்பு, புரியாவிட்டால் மறுநாள் அதே இரண்டு பக்கம் என்று திட்டம். நல்லவேளை, நீ தெளிவாக எழுதியிருப்பதால் எந்தப் பக்கத்தையும் மறுநாளுக்குத் தள்ள வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் பரீட்சையா, பாஸாகலன்னா என்ன பண்ணுவாங்க என்று அம்மா கிண்டல் செய்துகொண்டே இருந்தாள். முப்பத்தொரு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவன் நான், இரத்தக் குழாயின் உட்படலம் என்று நீ எழுதியதைப் படித்ததும் இரும்புக் குழாய்க்குள் பூசும் சிமெண்டுப் பூச்சுதான் நினைவுக்கு வந்தது. பத்துப் பக்கம் போனபிறகு அது தப்பு என்று தெரிந்தது. எங்கள் பூச்சு உயிரில்லாதது, தண்ணீர் போகும், அது சும்மா இருக்கும். நீ எழுதியிருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள படலம், ஆனால் அது சும்மா இருப்பதே இல்லை. எது உள்ளே போகலாம் எது போகக்கூடாது என்று பார்க்கிறது, குழாயை விரியச் சொல்கிறது, சுருங்கச் சொல்கிறது, இரத்தம் ஒட்டாமல் உறையாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி தன்னை வைத்துக்கொள்கிறது. எங்கேயாவது ஒரு சிராய்த்துண்டு குத்தினால் அதே வழுவழுப்பான படலம் கொக்கிகளை நீட்டி, ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தி, இந்தப் பக்கம் வா என்று சுவருக்கு வெளியே அனுப்புகிறது. வீக்கமும் சூடும் அதனால்தான், அது உடம்பின் நல்லதுக்குத்தான், வேலை முடிந்தும் அந்த அழைப்பு நிற்காமல் போனால்தான் கேடு. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று எழுது, தப்பிருந்தால் கூச்சப்படாமல் திருத்து. இதை அம்மாவிடம் சொன்னேன். அது என்னை மாதிரிதான், எல்லாரையும் சிரிச்சு அனுப்பிடுவேன், வம்புக்கு வந்தா கொக்கி போட்டு நிறுத்துவேன் என்றாள். உன் நூறு பக்கத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டதாக எனக்குப் பட்டது.

வீட்டில் நான் வைத்திருக்கும் செருப்புப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி, வீட்டில் எது கெட்டாலும் யார் என்ன குறை சொன்னாலும் தேதி போட்டு எழுதி, எதை மாற்றினால் சரியாகுமோ, யாரிடம் போக வேண்டுமோ அந்தத் தலைப்பில் செருகிவைப்பேன், அலுவலகப் பழக்கம். மூன்று வாரத்துக்குள் உன் அம்மாவின் பேரில் நான்கு அட்டை விழுந்தது. முதல் அட்டை, தலை சீவும்போது இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே சீப்பு பட்டாலே வலிக்கிறது, தலையும் வலிக்கிறது. அதைக் குளியலறைச் சாமான் என்ற தலைப்பில் வைத்து, பல் அகலமான மரச்சீப்பு ஒன்று வாங்கினேன். இரண்டாவது, காலையில் எழுந்தால் தோள் இரண்டும் இறுகிப்போய், மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கை தூக்க முடியவில்லை. படுக்கை என்ற தலைப்பு, உயரம் குறைந்த தலையணை. மூன்றாவது, ஆப்பிளைப் பாதி கடித்ததும் தாடை வலிக்கிறது, நிறுத்தினால் சரியாகிறது, மறுபடி மென்றால் மறுபடி வலி. பல் வைத்தியர். அவர் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் நல்லாருக்கே, வயசாகுதில்ல என்று வாய் கொப்புளிக்க ஒரு பாட்டில் கொடுத்தார். நான்காவது, ஒரு வியாழக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் திரை இழுத்தாற்போல் ஆகி இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. அதை மூக்குக் கண்ணாடி என்ற தலைப்பில் செருகினேன், கண்ணாடியைத் துடைத்தும் கொடுத்தேன், கடைக்காரரிடம் அடுத்த வாரத்துக்கு நேரமும் வாங்கினேன். சீப்பை மாத்தினீங்க, தலையணையை மாத்தினீங்க, அடுத்தது கண்ணாடி, இனிமே பொண்டாட்டிதான் பாக்கி என்று அம்மா சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்து அம்மா எப்படி இருக்காங்கப்பா என்று கேட்டாய். நல்லா இருக்கா, புதுச் சீப்பு ஒண்ணு வாங்கினோம் என்றேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது, உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரியாத விஷயம் என் மகளுக்குத் தெரியும், அவளிடம் நான் சீப்பைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்கு வந்தேன். அழைப்பு நிற்காதபோது என்ற உன் ஐந்தாவது அத்தியாயம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நெற்றிப்பொட்டு இரத்தக் குழாயின் சுவருக்குள் வெள்ளணுக்கள் புகுந்து அழற்சி வந்தால், சுவர் தடித்துக் குழாய் உள்ளே குறுகிவிடும், தலை சீவும்போது வலி, தோள் இறுக்கம், மெல்லும்போது தாடை வலி, சிறிது நேரம் கண் இருட்டிப் பின் தெளிவது, இவை அறிகுறிகள், உடனே மருந்து கொடுக்காவிட்டால் பார்வை திரும்பாமலே போகலாம் என்று எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்தேன். தெரிந்த சொற்களுக்குக்கூட அகராதியைப் புரட்டினேன், ஏதாவது ஒன்றுக்கு வேறு அர்த்தம் இருக்காதா என்ற ஆசையில். பிறகு எழுந்து போய் செருப்புப் பெட்டியை எடுத்துவந்து, நான்கு தலைப்பிலிருந்து நான்கு அட்டையையும் உருவி, மேஜைமேல் தேதி வரிசையில் வைத்தேன்.

உனக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும், சொல்லாமல் வைத்திருந்த கதை. நான் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருஷம், ஐந்து தெருவிலிருந்து குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று ஐந்து புகார் வந்தது. தெருவுக்கு ஒரு இழுப்பறை, நான் ஐந்தையும் ஒழுங்காக ஐந்து இழுப்பறையில் போட்டேன். ஐந்து குழாய்க்காரர்கள் ஐந்து வீட்டுக்குப் போய் ஐந்து வாஷரை மாற்றினார்கள். ஐந்து தெருவுக்கும் போகிற பெரிய குழாய் மண்ணுக்கடியில் பதினோரு நாள் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஒரு பள்ளிக்கூட வாசலில் ரோடு உள்வாங்கியபிறகுதான் தெரிந்தது. விடுமுறை நாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எந்தத் தெருவாக இருந்தாலும் அந்த வாரத்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான்தான். நான் ஓய்வு பெறும்வரை சுவரில் என் கையெழுத்தோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த மேஜைக்கு முன்னால் நான் நின்ற கால்மணி நேரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் டாக்டர் இல்லை, ஒரு புத்தகத்தில் பாதிகூடப் படிக்கவில்லை, தப்பாக இருந்தால் அம்மா பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பாள் என்றெல்லாம் யோசித்தேன். உனக்குப் போன் செய்யலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன், வியாழக்கிழமை உனக்கு வாய்மொழித் தேர்வு என்பது நினைவுக்கு வந்து இரண்டு தரமும் வைத்துவிட்டேன். கடைசியில் அம்மாவிடம் போய், இங்கே தொட்டால் வலிக்கிறதா பார்க்கிறேன் என்று நெற்றிப்பொட்டில் விரல் வைத்தேன். என்ன இன்னிக்குத் திடீர்னு அக்கறை என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். விரலுக்கடியில் அந்தக் குழாய் கயிறு மாதிரி தடித்திருந்தது. உன் அம்மா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. கிளம்பு என்றேன். எங்க என்றாள். ஆஸ்பத்திரிக்கு என்றேன். அடுத்தது தலையவே மாத்தப் போறீங்களா என்றாள், ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

தையல்காரர் பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தார். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த அம்மாள் டோக்கனைக் கொடுத்து, உங்களுக்கு முன்னாடி ஐம்பத்திரண்டு பேர் இருக்காங்க, கண்ணுக்குன்னா நாளைக்கு வாங்கய்யா என்றாள். நான் சரிம்மா என்று சொல்லிவிட்டேன். நீ கோபப்படுவாய், ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சரிம்மா என்று சொல்லித் திரும்பி நான்கு எட்டு நடந்தும் விட்டேன். ஐந்தாவது எட்டு வைக்க முடியவில்லை. திரும்பிப் போய் நான்கு அட்டையையும் கவுண்டர்மேல் வரிசையாக வைத்தேன். இங்க பாருங்கம்மா, இது நாலு புகார் இல்ல, ஒரே புகார், நாளைக்குன்னா கண்ணு போயிடும், தயவுசெய்து யாராவது ஒரு டாக்டர் இதைப் படிக்கணும் என்றேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து மேஜையில் இருந்த நர்ஸ் எட்டி வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார், கடைசி அட்டையைப் படித்ததும் அம்மாவின் வயசைக் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகம். டாக்டர் உன் வயசுப் பெண், நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார், இரத்தம் எடுத்தார்கள், முடிவு வருவதற்கு முன்பே ஸ்டீராய்டு மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார். ரிசல்ட் வர்ற வரைக்கும் நாம காத்திருக்கலாம், கண்ணு காத்திருக்காது என்றார். உங்களுக்கு யார் சொன்னாங்க என்று கேட்டபோது பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்துவிட்டு, இதை எழுதினவங்களைத் தெரியுமா என்றார். தெரியும் என்று மட்டும் சொன்னேன், மீதியைக் கையில் ஊசியோடு படுத்திருந்த உன் அம்மா பத்து நிமிஷம் சொன்னாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வியாழக்கிழமை நீ பாஸாகிவிட்டதாகப் போன் செய்தபோது பின்னால் ஏதோ கீச்கீச்சென்று கேக்குதே என்றாய், அம்மா புது வாஷிங் மெஷின் என்று சொன்னாளே, அது அவள் கட்டிலுக்குப் பக்கத்து மெஷின். உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அவள் உத்தரவு, ஆனால் கேட்டு நடந்தவன் நான், ஆகவே கோபத்தில் பாதியாவது எனக்கு ஒதுக்கு. இரண்டே நாளில் தலைவலி விட்டது, தாடை வலி போனது, இப்போது ஆப்பிளை அவள் கடிக்கும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். மருந்து பல மாதம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம், நாமாக நிறுத்தவே கூடாதாம். சர்க்கரையும் பார்த்துக்கொண்டு வருகிறோம். முகம் சற்று உப்பியிருக்கிறது, பசி அதிகம், சுறுசுறுப்பு அதைவிட அதிகம், அலமாரி எல்லாவற்றையும் காலி செய்து மறுபடி அடுக்கிவிட்டாள், என் செருப்புப் பெட்டியை மட்டும் நான் மடியில் வைத்துக் காப்பாற்றினேன்.

இனி எழுத வேண்டியதில் இதுதான் கஷ்டமானது. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு சிறிய பகுதி மங்கிவிட்டது. நேராகப் பார்ப்பதில் குறையில்லை, படிக்கிறாள், ஊசியில் நூல் கோக்கிறாள், இடது பக்கம் கடைசி ஓரம் மட்டும் தெரியவில்லை. நேற்றைய பரிசோதனையில் அது கூடவில்லை, ஆனால் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். அட்டை எழுதிய வியாழக்கிழமையே வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க என்றார், நல்ல பெண். எனக்கு அந்த ஐந்து நாள் கணக்கு தெரியும். தினம் இரண்டு பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் படித்திருந்தால் முதல் அட்டைக்கு அடுத்த சில நாளிலேயே அந்தப் பக்கத்துக்கு வந்திருப்பேன் என்றும் கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அப்ப படிச்சிருந்தா புரிஞ்சே இருக்காது, போய் வேலையைப் பாருங்க என்றாள். மறுபடி நான் தொடங்கினேன், அப்போதுதான் சொன்னாள், என்ன பெரிசா போச்சு, அந்த ஓரத்துலதான் நீங்க நாற்காலியைப் போட்டு உக்காந்திருப்பீங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல என்று. அவளைப் பார்க்க மேலே வந்திருந்த தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெட்டியில் பழைய தலைப்புகளைப் பிடுங்கிவிட்டேன். இப்போது அம்மாவுக்கு என்று ஒரே தலைப்பு, எனக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்புகிறோம். அவள் இதைத் தொல்லை என்கிறாள், ஆனால் போன வெள்ளிக்கிழமை அவளாகவே ஆறு அட்டை எழுதிவந்தாள், ஆறும் என்மேல். உனக்கும் ஒரு தலைப்பு போட்டு வைத்திருக்கிறேன், காலியாக இருக்கிறது. உன் தலைவலி, தூக்கமின்மை, எது வந்தாலும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு, வேலை கெடும் என்று எங்களிடமிருந்து மறைக்காதே, மறைப்பதில் எங்களைப் பார்த்துப் பழகிவிடாதே. இனிமேல் போன் செய்தால் அம்மா எப்படி இருக்காங்க என்று என்னிடம் கேட்காதே, நான் நல்லா இருக்கா என்றுதான் சொல்வேன், இந்த வாரம் பெட்டியில என்ன விழுந்தது என்று கேள். அவசரப்பட்டு ஓடிவராதே, உன் விடுமுறையில் நிதானமாக வா. இன்னொன்று, நான் சொல்லலாமா தெரியவில்லை, அந்த நூற்றுப் பதினெட்டாம் பக்கத்து வாக்கியத்தை எளிதாக்கி, அகராதி இல்லாதவர்களும் படிக்கும்படி எங்காவது தனியாக எழுது. எங்கள் பல் வைத்தியருக்கு ஒரு பிரதி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், நேரில் கொடுக்கத் தைரியம் வராவிட்டால் கதவிடுக்கில் போடுவேன்.

மறக்காமல் செய்ய வேண்டியது: உன் புத்தகத்தில் நூற்று நாற்பத்து மூன்று என்ற பக்க எண் இரண்டு தடவை வருகிறது, அதனால் அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று குறைவு. நூலகத்துக்குக் கொடுக்கும் பிரதியிலாவது திருத்திவிடு. நான் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், இருந்தாலும் நீயும் ஒரு முறை பார்.

உடம்பில் ஓடும் ஒவ்வொரு துளி இரத்தமும் தடையில்லாமல் ஓட, கண் தெளிவாக இருக்க, எடுத்த வேலை கைகூடி, நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அப்பா

அடியில் இருக்கும் இடத்தில் அம்மா எழுதறேன். எல்லாத்தையும் நானே படிச்சுப் பார்த்தேன், ஒரு எழுத்து விடல, அதனால கண்ணைப் பத்திக் கவலைப்படாதே. இவர் தன்மேல தப்புன்னு எழுதின இடத்தையெல்லாம் நீ அடிச்சிடு. கவுண்டர்ல குரல் கொஞ்சம் பலமா வந்துச்சுன்னு எழுதியிருக்கார், கொஞ்சமா, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு, இத்தனை வருஷத்துல இவருக்கு அவ்வளவு சத்தம் வரும்னு எனக்கே தெரியாது. நாற்காலி ஜோக்கை எழுதினவர் அதுக்கப்புறம் நடந்ததை எழுதாம விட்டுட்டார். மறுநாள் காலைல பாத்தா நாற்காலியைத் தூக்கி எனக்கு வலது பக்கம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். இப்பவும் அங்க உக்காந்துதான் நான் என்ன எழுதறேன்னு எட்டி எட்டிப் பாக்கறார். நல்லாத் தெரியறார்.